பரவலாக மழை

காலை எட்டரை மணி. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நாற்பத்தொன்றாவது கோட்டில் நின்றது. தாலுகா அலுவலகக் கொல்லையில், கம்பி வேலிக்குள் இருந்த மழைமானியைத் திறந்து, இரவு சேர்ந்ததை அளவுக் குவளையில் ஊற்றி, அலுவலக உதவியாளர் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"நாப்பத்தொண்ணு சார். நாலு சென்டி. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். தொண்ணூறுகளின் பின்பாதி. நான் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். ஐப்பசியில் தினமும் இந்த எண்ணைத் தஞ்சாவூர் அலுவலகத்துக்கு ஃபேக்ஸில் அனுப்ப வேண்டும். அன்று எண்ணோடு ஒரு வரியும் சேர்த்தேன்: "கடைமடைப் பகுதிகளில் பரவலாக மழை பெய்தது." நான் பார்த்தது ஒரே ஒரு குவளையை. மழைச் செய்தி என்றால் அந்தச் சொல்லும் வரும். கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

மறுநாள் செய்தி வெளியானது. மத்தியானம் அக்கா அவள் ஊர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டாள்.

"மதக அடைச்சுட்டாங்கடா. இன்னிக்கு நம்ம முறை. உடனே வா."

தாலுகா ஊரிலிருந்து அக்காவின் ஊர் ஏழு மைல். அவளுடைய ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், வாய்க்காலின் கடைசியான கடைமடையில், கடலுக்குக் கிட்டே இருந்தது. போர் போட்டால் உப்புத் தண்ணீர் வரும். மேட்டூரில் நீர் குறைவு என்பதால் மேல் வாய்க்காலுக்கு ஆறு நாள், கடைமடைக்கு ஆறு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். புரட்டாசிக் கடைசியில் விழுந்த ஒரு மழையை நம்பி அக்கா புழுதியில் நேரடியாக விதைத்திருந்தாள். முளைத்து விரல் நீளம் வந்திருந்தது. அதன் பிறகு வானம் பெய்யவில்லை. அத்தான் சவூதியில் இருந்தார். போன வருஷச் சம்பாவும் கருகிப்போயிருந்ததால் ஒரு முடிவோடு இருந்தார்: இந்தப் பயிரும் போனால் நிலத்தை இறால் பண்ணைக்குக் கொடுத்துவிடுவது. பக்கத்து வயல்காரர்கள் ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். அக்கா மட்டும்தான் பிடிவாதமாக இருந்தாள்.

மொபெட்டில் போனேன். மூன்றாவது மைல் கல் வரை சாலையோரப் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. அதைத் தாண்டியதும் புழுதி பறந்தது.

மதகடியில் பத்துப் பேர் இருந்தார்கள். ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மழை பெய்த பகுதி தன் முறையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். மேல் வாய்க்கால்காரர்கள் டீக்கடைப் பேப்பரைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள்.

"நான் என்ன சார் பண்றது? உங்க பேப்பரத்தான் காட்டுறாங்க" என்றார் லஸ்கர்.

"மழைய எழுதுனவரும் இவருதான், தண்ணி கேக்குறவரும் இவருதான்" என்றார் துண்டு கட்டியிருந்த ஒருவர். "ஊரெல்லாம் மழையாம், அக்கா வயலுக்கு மட்டும் வெயிலாம்!"

சிரித்தார்கள். அவர்கள் பயிரும் வாடித்தான் இருந்தது. மழை இங்கே பெய்யவில்லை, வந்து பாருங்கள் என்றேன். "அப்ப பொய் எழுதுனீங்களா?" என்று கேட்டார் அவர்.

பூத்துக்குப் போய்த் தஞ்சாவூருக்குப் பேசினேன். செய்தி டெஸ்கில் இருந்தவர், "மழை பெய்யலைங்கிறது ஒரு செய்தியாய்யா?" என்றார். திருத்தம் இரண்டு நாள் கழித்து, விளம்பரத்துக்குக் கீழே மூன்று வரியில் வந்தது. அதை யாரும் மதகடிக்குக் கொண்டுவரவில்லை.

அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பயிரின் நுனி சுருண்டு மஞ்சளாகியிருந்தது. கிழக்கே கடல் மேல் மேகம் திரண்டு நின்றது. அதன் அடியிலிருந்து சாம்பல் நிறக் கோடுகள் இறங்கின. தரைக்கு வராமல் பாதி வானத்திலேயே அற்றுப்போயின.

"அங்க பெய்யுதுல்ல. இங்க ஏன்டா விழல?"

தெரிந்ததைச் சொன்னேன். கடலில் வெயில் பட்டு நீர் ஆவியாகிறது. வயலிலிருந்தும், இலையிலிருந்தும்கூட ஆவி போகிறது. மேலே போகப்போகக் குளிர்ந்து, காற்றிலுள்ள உப்புத் துகள்களில் ஒட்டித் துளியாகிறது. அந்தத் துளி மிகச் சின்னது, விழாது. லட்சக்கணக்கில் மோதிச் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. அது விழும் வழியில் காற்று உலர்ந்திருந்தால், தரையைத் தொடுவதற்குள் மறுபடியும் ஆவியாகிவிடும். இப்போது நாம் பார்ப்பது அதைத்தான்.

"அப்ப என் வயல்ல இருந்த ஈரமும் அதுல இருக்கு."

"இருக்கலாம்."

"எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்க" என்றாள். பிறகு கேட்டாள்: "பரவலான்னு எழுதுனியே, என் வயல் எங்கடா இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீட்டுக் குழாயிலிருந்து குடத்தில் எடுத்து மேட்டு மூலையில் ஊற்றினாள். நானும் ஊற்றினேன். ஊற்றிய இடத்தில் ஈரம் ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை. நாலாம் நாள் பயிரைக் கையால் நிமிர்த்தினால் ஒடிந்தது. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரிடம், "மாட்ட அவுத்து விடுங்கண்ணே, அதாவது தின்னட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அத்தானுக்கு விடுமுறை. அன்று பூத்துக்கு வரும் அவர் போனுக்காக அக்கா போகவில்லை. நான்தான் போய் எடுத்தேன்.

"மாப்ள, நம்ம பக்கம் நல்ல மழையாமே? அதிராம்பட்டினத்துப் பையன் ஒருத்தன் பேப்பர் கொண்டாந்தான், ரூம்ல எல்லாரும் படிச்சோம். அக்கா பயிர் தப்பிச்சுதுல்ல?"

"இல்ல அத்தான்" என்றேன். அதற்குள் போன் நின்றுவிட்டது. லைன் அறுபட்டதா, அவர் வைத்தாரா என்று தெரியவில்லை.

தை இரண்டாவது வாரம் பொக்லைன் வந்தது. மூன்று நாளில் ஐந்து மாவையும் ஒரே இறால் குட்டையாக வெட்டினார்கள்.