கேட்காமல் எடுத்த முறுக்கு

அமெரிக்கச் சுதந்திரப் போர் நடந்த, பிரின்ஸ்டன் பக்கத்துப் போர்க்களப் பூங்காவை எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் ஒரு தமிழ்ப் பெண். நரைத்த குட்டை முடி, சேறு அப்பிய ஷூ. எங்கள் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டேதான் பேசுவார்.

சென்னையிலிருந்து வந்திருந்த அப்பா கேட்டார்: "டீ மேல கொஞ்சூண்டு வரி. அதுக்காம்மா இங்கிலாந்து ராஜாவோட சண்டை போட்டாங்க?"

அந்தப் பெண் அப்பாவின் கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கி, கூட வந்திருந்த குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

"என்னம்மா இது! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அதே கோபம்தான் அங்கிள் அவங்களுக்கும். எங்கேயோ லண்டன் பார்லிமென்ட்ல உக்காந்து வரி போட முடிவு பண்ணாங்க. அந்தச் சபையில இந்த ஊர்க்காரங்க ஆள் ஒருத்தர்கூட கிடையாது."

"நீங்க இங்க ஓட்டுப் போடுவீங்களா?" என்றேன்.

"கிரீன் கார்டே வரல. டாக்ஸ் மட்டும் கட்டுறேன்." சட்டென்று நின்றார். "ஆனா ஊர்ப் பொதுக் கூட்டம், டவுன் மீட்டிங், ஒண்ணுகூட விடமாட்டேன். மைக் முன்னாடி போய் கேள்வி கேப்பேன். டைம் முடிஞ்சிடுச்சும்பாங்க. அடுத்த மீட்டிங்ல மறுபடி நிப்பேன்."

"விசாவுக்கு ஏதும் ஆபத்து வராதாம்மா?" என்றார் அப்பா.

"வரலாம் அங்கிள்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். 'வரலாம்' என்ற அந்த ஒரு சொல் அவருக்கு எப்படி அவ்வளவு இலகுவாக வந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.