லைன்

வரலாற்றாசிரியர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தபோது, அவர் பதிவுசெய்த பேட்டிகளைக் கேட்டு எழுதுவது என் வேலை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்தமானில் வந்து குடியேறிய ஒருவர், “எம் பொம்பளப் புள்ள லைன்லயே காய்ச்சல்ல செத்துப்போச்சு,” என்று சொல்லியிருந்தார். போர்ட் பிளேயரில் வளர்ந்த எனக்கு லைன் என்றால் எங்கள் ஊரின் லம்பா லைன் பகுதிதான். பெரிய மேதாவிபோல ‘லம்பா’வையும் சேர்த்து எழுதினேன். அப்படியே புத்தகமாகிவிட்டது.

வண்டூரில் பேட்டி தந்தவர் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

“லைனுன்னா தோட்டத்துல நாங்க இருந்த லயம், வரிசை வீடு, தம்பி. புள்ள அங்கேயே போயிருச்சு. கப்பலே ஏறல.”

“அடுத்த பதிப்புல திருத்திடுறேன் ஐயா.”

அவர் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

“வேணாம். இதுலயாச்சும் எங்ககூட வந்து சேர்ந்துருச்சு. சோடோ, விட்டுருங்க.”