சுவருக்கு அக்கட்டால பூத்த செடி

எங்கள் வீடு கோயமுத்தூர் கணபதியில், ஒரு லேத் பட்டறையை ஒட்டி இருக்கிறது. நடுவில் என் தோள் உயரத்துக்கு ஒரு காம்பவுண்டு சுவர். பட்டறையில் மோட்டார் பம்புக்கு உதிரி பாகங்கள் கடைகிறார்கள். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும் சத்தம் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் ஓயும். பணி ஓய்வு பெறும் வரை பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியதால் பகல் சத்தம் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

சுவர்மேல் தகர ஷீட் அடித்து மறைத்துவிடலாம் என்றார் என் கணவர். ஷீட் அடித்தால் பின்கட்டுக்குக் காற்று வராது, சித்திரையில் அடுப்பு மாதிரி ஆகிவிடும், செடி வைக்கலாம் என்றேன் நான். அவர் அரளி என்றார், குரோட்டன்ஸ் என்றார். அந்த ஆனியில் குன்னூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வழியிலிருந்த நர்சரியில் நான் வைபர்னத்தைப் பார்த்தேன். ஆள் உயரப் புதர்; மினுமினுக்கும் கெட்டி இலை. கசக்கினால் குடைமிளகாய் நறுக்கிய வாசம். நுனியில் பருவம் தப்பிப் பூத்த ஒரே ஒரு வெள்ளைக் கொத்து. குனிந்து முகர்ந்தேன். அதன் பிறகு வேறு செடி எதுவும் என் கண்ணில் படவில்லை.

நர்சரிக்காரர் நியாயமான மனிதர். "கோயமுத்தூர்ல வளருமுங்கம்மா. பூக்குமான்னு கேட்டா, அதுக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார்.

மூன்று சின்னச் செடிகள் வாங்கினேன். வெள்ளைப் பூவிலேயே இலை சிறுத்த இன்னொரு வகையும் இருந்தது. அது வெயில் தாங்காது என்று அவரே ஒதுக்கிவிட்டார். பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, மறுநாளே நாலடி இடைவெளியில் நட்டேன். தேதி என் நாட்குறிப்பில் இருக்கிறது. முப்பது வருடங்களாக எழுதும் பழக்கம்: மழை, முதல் குயில் சத்தம், மின்தடை, யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம். மாதத்தைத் தமிழில் போடுவேன். பருவத்துக்கு அதுதான் ஒத்துவருகிறது.

செடிகள் நன்றாகவே வளர்ந்தன. காலை வெயில் மட்டும் படும் இடம். கோடையில் வேருக்குத் தென்னமட்டை பரப்பினேன். மூன்றாம் வருடம் சுவரைத் தாண்டின. பட்டறை தெரியவில்லை, சத்தமும் கொஞ்சம் மட்டுப்பட்டது. பூ மட்டும் இல்லை. நான்காம் வருடமும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: மலைச்செடி, கீழே சூடு. நானும் அதையே நம்பினேன்.

ஐந்தாம் வருடப் பொங்கலன்று கணவர் பேச்சை எடுத்தார்.

"அம்மணி, பூக்காத செடிக்கு இத்தன தண்ணி. இந்தச் சித்திரை வரைக்கும் பார்க்கறேன். பொறவு புடுங்கிப்போட்டு ஷீட் அடிச்சுரலாம்."

"ஏனுங்க, மறைப்புக்குத்தானுங்களே வெச்சோம்?"

"மறைப்புக்குன்னா ஷீட்டு போதுமே. நீ பூவுக்குத்தானே வாங்குன?"

மாசியில் ஷீட் போடும் ஆள் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார். அன்றைய குறிப்பில் ஒரே வரி: 'அளந்தார்கள்.'

பங்குனி பிறந்த முதல் வாரம், மதிய இடைவேளையில், பட்டறைக்காரர் செடிகளுக்கு நடுவே சுவருக்கு மேலே தலையை நீட்டினார். ஐம்பது வயதிருக்கும். அதுவரை இலை விழுந்து ஆயில் தொட்டி அடைக்கிறது என்பதைத் தவிர அந்தச் செடியைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

"ஏனுங்க டீச்சர், இது என்ன பூவுங்க? ரெண்டு நாளா பட்டறையே மணக்குது. பசங்க என்னைய செண்டு போட்டுட்டு வந்தீங்களான்னு கேக்கறானுக."

"எங்கீங்க பூத்திருக்கு?"

"எங்க பக்கமுங்க. அக்கட்டால வந்து பாருங்க."

இருபது வருடம் பக்கத்திலேயே இருந்தும் அந்தப் பட்டறைக்குள் நான் கால் வைத்ததில்லை. இரும்புச் சுருளை மிதிக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் சரிந்திருந்த இரண்டு கிளைகளில் ஐந்து கொத்துகள். குன்னூரில் முகர்ந்த அதே வாசம், லேத்துக்கு ஊற்றும் கூலண்ட் எண்ணெய் நெடியையும் மீறி.

பின்னாலேயே வந்த கணவர் இடுப்பில் கைவைத்து நின்றார். "அதெப்படி? நம்ம பக்கம் ஒண்ணுகூட இல்ல. உரம் கிரம் ஏதாச்சும் போட்டியாப்பா?"

"நான் எங்கீங்க போட? டீக்கிளாஸ் கழுவுன தண்ணிகூட ஊத்தலைங்க. ஒண்ணும் பண்ணாம உட்டதுக்கே பூத்துருக்குது."

அந்தக் கடைசி வாக்கியம் வீடு வரைக்கும் என்னோடு வந்தது. ஒரே வேர், ஒரே மண், ஒரே தண்ணீர். சூடுதான் காரணம் என்றால், அனல் பறக்கும் அந்தப் பக்கம் எப்படிப் பூக்கும்? நாட்குறிப்புகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

'மார்கழி 24. செடிகளை அவர் வெட்டி ஒழுங்கு செய்தார். அழகாக இருக்கிறது.' அடுத்த வருடம், மார்கழி 22. அதற்கடுத்த வருடம், 25. ஐந்து பொங்கலுக்கும் ஐந்து வரி.

பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் பக்கம் காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டு மூலைகளிலும் வாசலிலும் கட்டுவோம். அதற்குள் ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, சாணியால் வாசல் வழித்து வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். அந்தக் கணக்கில்தான் கணவர் பெரிய கத்திரியை எடுத்து, மூன்று செடிகளின் நுனியையும் நூல் பிடித்தாற்போல் வெட்டுவார். ஐப்பசி மழைக்குத் துளிர்த்த கிளையின் நுனியில் மார்கழியில் மொட்டு உருவாகிவிடுகிறது. அதைத்தான் வருடா வருடம் வெட்டியிருக்கிறோம். இந்த வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் சரிந்த கிளைகளுக்கு மட்டும் அவர் கை எட்டவில்லை.

இதில் என் குற்றம் பெரியது. பூ முடிந்த பிறகே வெட்ட வேண்டும் என்று செடி வாங்கிய வருடமே ஒரு தோட்டப் புத்தகத்தில் வந்தது. அது பனி பெய்யும் ஊருக்கு எழுதியது என்று அந்தப் பக்கத்தையே தாண்டிவிட்டேன். ஐந்து வருடமும் வெட்டிய தேதியைத் தவறாமல் எழுதி, கூடவே 'அழகாக இருக்கிறது' என்றும் எழுதியவள் நான்.

கணவரிடம் ஐந்து வரிகளையும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"அப்ப நாந்தான் வெட்டிப்போட்டேனா?"

"நீங்க வெட்டுனீங்க, நான் எழுதுனேனுங்க."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "ஷீட்டுக்காரனுக்கு அடுத்த வருசம் பார்க்கலாம்னு சொல்லிர்றேன்" என்றார்.

அடுத்த மார்கழி வந்தது. கத்திரி கொட்டகை ஆணியிலேயே தொங்கியது. அவருக்குத்தான் கை நிற்கவில்லை. தினமும் செடிப்பக்கம் போய் நின்றுவிட்டு வருவார். மூன்று செடிகளும் தலை வாராத பிள்ளைகள் மாதிரி நின்றன. காப்புக் கட்டுக்கு வந்த அவருடைய அக்கா பின்கட்டைப் பார்த்ததுமே கேட்டார்.

"ஏண்டா, ஊடெல்லாம் வெள்ளையடிச்சுப்போட்டு இத மட்டும் காடாட்ட உட்டுருக்கறே?"

"அது அப்படித்தான் இருக்கோணும்க்கா. வெட்டப்படாது" என்றார் கணவர், நூறு செடி வளர்த்தவர் மாதிரி. பிறகு மீதமிருந்த காப்பை நடுச்செடியிலும் கட்டினார். நான் உள்ளே போய்ச் சிரித்தேன்.

மாசி கடைசியில் எங்கள் பக்கம் முதல் கொத்து விரிந்தது. எண்ண முடிந்தது இருபத்திரண்டு வரைக்கும்தான், பிறகு விட்டுவிட்டேன். பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லேத் சத்தத்தோடு அந்த வாசத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கொத்தை நறுக்கிப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் டம்ளரில் வைத்திருப்பதாகப் பட்டறைக்காரர் சொன்னார்.

பூ உதிரத் தொடங்கியதிலிருந்து கணவர் தினமும் காலையில் கேட்பார், "இன்னைக்கு வெட்டலாமா?" "நாளைக்குங்க" என்பேன். சித்திரையில் ஒருநாள் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது மூன்று செடிகளும் நூல் பிடித்தாற்போல் நின்றன. மேசையில் நாட்குறிப்பு திறந்து கிடந்தது. முப்பது வருடத்தில் முதல்முறையாக அதில் வேறொரு கையெழுத்து.

'சித்திரை 9. பூ முழுசும் கொட்டியதைப் பார்த்துத்தான் வெட்டினேன்.'

அதன் கீழே நான் எழுதினேன்: 'அழகாக இருக்கிறது.'