சுளுக்கு மிதித்த சௌந்தரம்

எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் சௌந்தரத்தின் காலுக்கு இருந்த மரியாதை பல பேருடைய தலைக்குக் கிடையாது. கால் முன்னால் வந்து பிறந்தவள் அவள். அப்படிப் பிறந்தவர்கள் மூன்று முறை மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்று எங்கள் சனத்துக்கு நம்பிக்கை. தங்க வயலில் சுளுக்குக்கு என்ன பஞ்சம்? ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிற ஆம்பிளைகளில் பாதிப்பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். நேரே அவள் வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுப்பார்கள். பாறையைப் பிளக்கிறவர்களெல்லாம் அந்தக் குள்ளச்சியின் காலடியில் பூனைக்குட்டி மாதிரி கிடப்பார்கள்.

நான் சாரா, அடுத்த வீட்டுக்காரி. இதெல்லாம் அஞ்ஞானம் என்று எங்கள் பாஸ்டர் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தலையை ஆட்டிவிட்டு, திங்கட்கிழமை சௌந்தரத்திடம் முதுகைக் காட்டியிருக்கிறேன். அவருக்கென்ன, அவர் குனிந்து தண்ணீர் தூக்குகிறாரா?

சௌந்தரம் குடியாத்தம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிள்ளை இல்லை. பிள்ளையில்லாதவளை எங்கள் லைன் சும்மா விடாது, வாயில் போட்டு மென்று துப்பிவிடும். ஆனால் சௌந்தரத்தை ஒரு சொல் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நாளைக்கே கழுத்துப் பிடித்துக்கொண்டால் யாரிடம் போவது? சீமந்தத்துக்குக்கூட அவளை முதலில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். எல்லாம் அந்தக் காலுக்காக.

அவள் புருஷன் துளசிராமனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை அவனுக்கு. ஏணி ஏறி இறங்கியே பிழைப்பு.

அறுபத்து நாலாம் வருஷம் மழைக்காலத்தில், அவன் ஏணியிலிருந்து இறங்கும்போது ஒரு துண்டுக்கட்டை மேல் கால் வைத்துவிட்டான். பாதம் உள்பக்கமாக மடிந்து, உடம்பு மொத்தமும் அதன்மேல் விழுந்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்னோம், கேக்கமாட்டேன்ட்டாரு" என்றான் கூட வந்த துரை.

"எதுக்குடா ஆஸ்பத்திரி? ஊட்டுலயே மருந்து கீது" என்று சிரித்தான் துளசிராமன்.

சூடாக எண்ணெய் போட்டு நீவிவிட்டு அவள் மிதித்தாள். அவன் துண்டை வாயில் கடித்துக்கொண்டும் அலறினான். மறுநாள் போய்ப் பார்த்தேன். கணுக்கால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வெளிப்பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டி, விரல் வரைக்கும் இறங்கியிருந்தது. காலைத் தரையில் ஊன்றவே முடியவில்லை.

சௌந்தரம் என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இது புடிப்பு இல்லக்கா. எத்தினி பேரை மிதிச்சிக்கீறேன், எனக்குத் தெரியாதா? பாதம் பொம்மைக் கால் மாதிரி ஆடுது. உள்ளார இன்னாவோ அறுந்துபோச்சு. இப்படியே உட்டா அவரு இனிமே ஏணி ஏறமாட்டாரு."

"அப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போ."

"வந்தாத்தானே!"

அவன் வரவில்லை. எங்கள் வீடுகளுக்கு நடுவில் வெறும் மூங்கில் தட்டிதான் சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அவள் கெஞ்சினாள், திட்டினாள், சோறு போடமாட்டேன் என்றாள்.

"என் கால்ல ஒரு சக்தியும் இல்லீங்க. ரெண்டு நாள் படுத்தா சாதாரண புடிப்பு தானாப் போவுது. அவ்ளோதான்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

"பைத்தியமே, நம்பிக்கையா மிதி" என்றான் அவன். "நான் போயி டாக்டர்கிட்ட காலைக் காட்டினா, நாளைக்கு உன்னை எவன் மதிப்பான்?"

அவளுக்காகத்தான் அவன் காலைக் கெடுத்துக்கொண்டிருந்தான். கோபிக்கவும் முடியாது, விடவும் முடியாது. தினமும் மிதிக்கச் சொன்னான். மிதித்துவிட்டு அடுப்புப் பக்கம் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். வீக்கம் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்க லைனே வந்திருந்தது. எதிர்வீட்டு கங்கம்மா, துரை, நான், எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். சௌந்தரம் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தாள். திருஷ்டி கழிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தோம்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றாள். "நான் கால் முன்னால வந்து பொறக்கல. எல்லாரை மாதிரியும் தலையாலதான் பொறந்தேன். எங்கம்மா பெருமைக்குச் சொன்ன பொய் அது. கல்யாணம் ஆனதும் நானும் அதையே சொல்லிகினு இருந்துட்டேன். மாரியம்மன் மேல சத்தியம்." சொல்லிவிட்டு உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தாள்.

கங்கம்மாதான் முதலில் "அடிப் பாவி" என்றாள். துளசிராமன் சௌந்தரத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "துரை, வண்டி கூட்டினு வாடா" என்றான்.

டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்தாராம். எலும்பு முறியவில்லை; ஆனால் எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடிக்கிற ஜவ்வு கிழிந்திருக்கிறது. "அறுந்த கயிறை மிதிச்சு ஒட்டவைப்பியா? முதல் நாளே ஐஸ் வச்சு, கட்டுப் போட்டு, காலைத் தூக்கி வச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. சூட்டு எண்ணெய் போட்டு நீவினா வீங்காம என்ன செய்யும்?" என்று கேட்டாராம். மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்.

தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கிடந்தான். கட்டைப் பிரித்தபோது கால் சூம்பியிருந்தது. கட்டு பிரித்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லையாம். விரலை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அப்புறம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட காலிலேயே ஒற்றைக் காலில் நிற்கப் பழக வேண்டும். அவன் கொக்கு மாதிரி நின்று தள்ளாடும்போது அவள் பக்கத்திலேயே நிற்பாள். விழப்போனால் பிடிப்பாள். பிடித்த கையை அவன் உதறிவிடுவான்.

கோடை வந்தபோது மறுபடி சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கேஜில் இறங்கினான். ஏணி ஏறினான். கால் குணமாகிவிட்டது. அவளுக்குத்தான் எல்லாம் போனது. யாரும் சுளுக்கு என்று அந்த வாசலை மிதிப்பதில்லை. வருஷக்கணக்கில் அடக்கி வைத்திருந்த "மலடி" இப்போது குழாயடியில் சத்தமாகவே கேட்டது. அவளால் சுகமான முதுகுகளெல்லாம் அவளைக் கண்டால் திரும்பிக்கொண்டன, என்ன சனமோ! அவனும் சண்டை வந்தால், "ஊரை ஏமாத்தினவதானே நீ" என்பான். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் தாங்கமுடியாமல் கேட்டுவிட்டேன். "நெஜத்தைச் சொல்லுடி. பொய்ச் சத்தியம்தானே பண்ணே?"

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஆமாக்கா."

"அப்போ அவருகிட்ட சொல்லித் தொலையேன். இப்பத்தான் கால் நல்லாகீதே!"

"சொன்னா, அடுத்த தடவை அடிபட்டா மறுபடியும் என் காலைத்தான் தேடுவாரு."

"மாரியம்மன் ஒண்ணும் பண்ணமாட்டா. பயப்படாதே" என்றேன். நான் சர்ச்சுக்காரி, எனக்கு என்ன தெரியும்? ஏதோ ஆறுதலுக்குச் சொன்னேன்.

"அவளுக்கு நான் பயப்படல" என்றாள். முறம் நின்றுவிட்டது. "கால் முன்னால வந்ததாலதான் எங்கம்மா செத்துப்போனா. என்னைப் பெத்த அன்னிக்கே. என்னை வளர்த்த சித்தியைத்தான் அவரு உட்பட எல்லாரும் என் அம்மான்னு நெனச்சினு கீறாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல அவ. அவளைப் போயி பொய் சொன்னவன்னு சொல்லிட்டேனேக்கா."