துளைத் திருகு போட்டிருக்கு

லோரன் பிட்னரின் அடக்கத்தன்று, அவர் அமைதியான மனிதர் என்று பாதிரியார் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லோரன் அமைதியான ஆளே இல்லை. சலவை இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கடைசல் பட்டறையில் நின்றவன். கருவியைத் துடைக்காமல் வைப்பவனைக் கண்டால் அந்தக் கூரை அதிரும். எங்கள் துப்பாக்கிச் சங்கத்தின் வெள்ளிக்கிழமை மீன் வறுவலில் அவன் இருக்கிற மேசையில்தான் சிரிப்பு கேட்கும். அவன் அமைதியாக இருந்தது ஒரே ஒரு ஆளிடம், தன் அண்ணன் டெல்மரிடம். அது ஒன்பது வருட அமைதி.

காரணம் அவர்களுடைய அப்பா. கடைசி நாட்களில் அவரை டெல்மர் சான்டஸ்கி என்ற ஊரில் ஒரு முதியோர் விடுதியில் சேர்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் தம்பிக்குச் சொன்னான். இருபத்தாறே நாளில் கிழவர் போய்விட்டார். கல்லறையில் மண் போட்டு முடித்ததும் லோரன் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தவன்தான். அதற்குப் பிறகு அண்ணனோடு ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் அப்பாவின் கேரண்ட் துப்பாக்கி ஒன்று, பட்டாளத்துப் பழையது, இருந்தது. போருக்குப் பிறகு அரசாங்கம் விற்றபோது வாங்கியது. அதை விற்கவோ பிரிக்கவோ இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. ஜனவரியிலிருந்து ஜூன் வரை டெல்மரிடம், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை லோரனிடம் என்று ஏற்பாடு. அதைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் நான். இருவருக்கும் நண்பன் என்கிற பாவத்துக்கு மெர்லாகிய எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தத் துப்பாக்கி சுட்டதும், குண்டின் பின்னால் வரும் புகையில் கொஞ்சம் குழல் முனையில் இருக்கும் உருளைக்குள் புகுந்து ஒரு நீண்ட கம்பியைப் பின்னால் தள்ளும். அந்தக் கம்பி காலித் தோட்டாவை வெளியே எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றும். எல்லாம் பட்டாளம் கொடுத்த இலேசான குண்டுக்கு அளந்து செய்தது. கனமான குண்டு போட்டால் புகையின் அழுத்தம் அதிகமாகி, கம்பிக்கு விழுகிற அடி இரண்டு மடங்காகி அது கோணிவிடும். அதற்காக உருளையின் வாயை மூடும் திருகை மாற்ற வேண்டும். சாதாரணத் திருகு முழுக்க மூடியது. கனத்த குண்டுக்கானதில் சின்னத் துளை இருக்கும். மிச்சப் புகை அதன் வழியே போய்விடும், கம்பி பிழைக்கும்.

டெல்மர் சுடுவது இருநூறு கஜம், இலேசான குண்டு. லோரனுக்கு அறுநூறு கஜம், கனத்த குண்டு. ஆகவே ஜூன் கடைசியில் டெல்மர், தான் சுட்டு முடித்ததும் தம்பிக்காகத் துளைத் திருகைப் போட்டு, பின்கட்டையில் எண்ணெய்ப் புட்டி வைக்கும் குழிக்குள் ஒரு சீட்டு வைப்பான். ‘துளைத் திருகு போட்டிருக்கு.’ டிசம்பரில் லோரன் மூடிய திருகைப் போட்டு அண்ணனுக்கு எழுதுவான். ‘மூடின திருகு போட்டிருக்கு.’ ஒன்பது வருடத்தில் அண்ணன் தம்பி பேசிக்கொண்டது அவ்வளவுதான். லோரன் அந்தச் சீட்டைப் படித்தபின் திருகைப் பார்த்துச் சரிபார்த்து நான் கண்டதே இல்லை. ஒரு பார்வை பார்த்தால் துளை தெரியும். பார்க்க மாட்டான். பேச மாட்டானே தவிர, அண்ணன் எழுதினால் எழுதியதுதான் அவனுக்கு.

கடைசியாக டெல்மர் வீட்டிலிருந்து துப்பாக்கியை எடுக்க நான் போன ஜூனில், அவன் எனக்குக் காப்பி கொடுத்தான். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் காப்பி கொடுத்தான். பிறகு, “உன் வீட்டுக்காரி எப்படி இருக்கா, கூட்டிட்டு வரக் கூடாதா?” என்று கேட்டான். அவள் போய் மூன்று வருடம். அவளுடைய சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவனே டெல்மர்தான்.

வாசலில் அவன் மனைவி ஃபில்லிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“லோரன்கிட்ட சொல்லிடாதீங்க மெர்ல். அவன் பரிதாபப்பட்டு வந்து நின்னா இவரால தாங்க முடியாது. அதுக்கு இந்தக் கோபமே இருக்கட்டும்.”

“நான் ஏன் சொல்றேன்?” என்றேன். பெரிய மனிதன் மாதிரி.

ஆகஸ்டில் ஏரிக்கரை மைதானத்தில் போட்டி. நான் லோரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி எழுதிக்கொண்டிருந்தேன். முதல் எட்டுத் தோட்டா ஓடியது. அடுத்த எட்டில் மூன்றாவது சுட்டபோது சத்தமே வேறாக இருந்தது. கம்பி தன் தடத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. லோரன் துப்பாக்கியை இறக்கி, குழல் முனையைத் திருப்பிப் பார்த்தான். மூடிய திருகு.

பின்கட்டையிலிருந்து சீட்டை எடுத்தான். ‘துளைத் திருகு போட்டிருக்கு.’

“வேணும்னே பண்ணியிருக்கான்” என்றான். குரலே எழும்பவில்லை.

“அப்படி இருக்காதுடா. ஒருவேளை மறந்து...”

“யாரு, டெல்மரா? தோட்டா மருந்தை மூணு தடவ நிறுத்துப் பார்க்கறவன் மறப்பானா? நீ அவன் கட்சியா?”

சொல்லியிருக்க வேண்டியது அந்த இடத்தில்தான். நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, துப்பாக்கி பழுதானதைப் புள்ளித் தாளில் குறிக்கப் போனேன்.

டிசம்பரில் லோரன் துப்பாக்கியைத் தரவில்லை. வளைந்த கம்பியை மட்டும் செய்தித்தாளில் சுற்றி, ஒரு சீட்டோடு கொடுத்தான். ‘நீ பண்ணினதைப் பாரு.’ அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைப் போன்ற கோழையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். டெல்மர் சீட்டை நெடுநேரம் படித்தான். பிறகு முகம் மலர்ந்தது.

“கம்பி கோணிப்போச்சு போல. பாரு, சரி பண்ணித்தரச் சொல்லி அனுப்பியிருக்கான் பொடியன்” என்று கம்பியை எடுத்துக்கொண்டு நிலவறைப் பட்டறைக்கு இறங்கிப் போனான்.

பிப்ரவரியில், முழங்கால் பனியில் ஃபில்லிஸ் என்னைக் கூப்பிட்டு அதே பொட்டலத்தைக் கொடுத்தாள். லோரன் அதைப் பிரிக்கும்போது நான் அவன் சமையலறையில் இருந்தேன். சீட்டில் ‘நேராக்கிட்டேன்’ என்று நடுங்கிய எழுத்து. கம்பி நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

துப்பாக்கி தெரிந்தவன் எவனும் அப்படிச் செய்ய மாட்டான். அந்தக் கம்பி தொழிற்சாலையிலிருந்தே வளைந்துதான் வரும். குழலைச் சுற்றிப் போவதற்கென்று இரண்டு இடத்தில் வளைத்திருப்பார்கள். புதிதாக வாங்கியவன்தான், கெட்டுவிட்டது என்று நினைத்து நிமிர்த்துவான். எங்கள் சங்கத்தில் அப்படி நிமிர்த்தினவனை வருடக்கணக்கில் ஓட்டுவோம். டெல்மர் எத்தனை நாள் உட்கார்ந்து தட்டினானோ, இருக்க வேண்டிய வளைவையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தான்.

லோரன் கம்பியை மேசைமேல் உருட்டினான். கோணல் இல்லாமல் உருண்டு சுவரில் முட்டி நின்றது.

“இந்த வளைவைத் தொடாதேன்னு எனக்குச் சொன்னதே அவன்தான்” என்றான். “எனக்குப் பதிமூணு வயசு. சுத்தியல் எடுத்தேன்னு கை மேல ஒண்ணு போட்டான்.”

லோரன் என் முகத்தைப் பார்த்தான்.

“எப்போலேர்ந்து?”

“எனக்குத் தெரிஞ்சு ஜூன்லேர்ந்து.”

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வண்டியை எடு” என்றான்.

ஃபில்லிஸ் கதவைத் திறந்தவள் லோரனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். டெல்மர் சன்னலோரம் நாற்காலியில், கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தான். தம்பியைப் பார்த்து மரியாதையாக எழுந்தான்.

“வாங்க, உக்காருங்க சார். ரோடெல்லாம் பனியா?”

“ஆமா” என்றான் லோரன். உட்கார்ந்தான். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டான்.

“துப்பாக்கி சுடறவரா நீங்க? எனக்கு ஒரு தம்பி இருக்கான். நல்லாச் சுடுவான், அறுநூறு கஜம். கனத்த குண்டுதான் வேணும்பான். நான்தான் திருகு மாத்திக் குடுப்பேன்.”

“கேள்விப்பட்டிருக்கேன்.”

“அவன் என்கூடப் பேசறதில்ல.” டெல்மர் குரலைத் தாழ்த்தினான். “அப்பாவைக் கொண்டுபோய் விட்டுட்டேன் சார். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அழுவானோன்னு பயந்துட்டேன். தப்பு என்மேலதான். நீங்க மைதானத்துல எங்கயாவது பாத்தா சொல்லுங்க.”

ஒன்பது வருடமாக லோரன் கேட்கக் காத்திருந்தது அது. கேட்டுவிட்டான். நான் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே பனியைப் பார்த்தேன்.

“சொல்றேன்” என்றான் லோரன். “கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சுன்னுதான் அவன் சொல்லுவான்.”

டெல்மர் சிரித்தான். தெரியாதவரின் மனம் நோகக் கூடாதே என்று சிரிக்கிற சிரிப்பு.

“உங்களுக்கு அவனைத் தெரியாது சார்” என்றான்.