ஸ்டெப்னியை இறக்கச் சொன்ன அந்தோணி

ஆடுகோடி சிக்னலில் நின்றிருந்தபோது வண்டியின் திரையில் அந்தோணி என்று பெயர் வந்தது. எடுத்தால், பேசியது அவர் மனைவி ஷீலா. விடியற்காலையில் மாரடைப்பு, ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றாள். பச்சை விழுந்தும் நான் நகராததால் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று இருந்தேன்.

அந்தோணி என் அலுவலகத் தோழர், என்னைவிட ஆறேழு வயது இளையவர். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு கல்லும் சேறுமான பாதை தேடிப் போகிறவர். அவரோடு போய் இடுப்பு வலி வாங்கி வந்தவர்கள் இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் இருப்பீர்கள்.

என் கணவர் போன பிறகு நான் நிரந்தரப் பின்சீட்டுக்காரி ஆகிவிட்டேன். அண்ணன் காரில், மகன் காரில், வாடகைக் காரில். எங்கே போவதென்றாலும் யாராவது மனசு வைக்க வேண்டும். சலித்துப்போய், மலைப்பாதை ஏறும் வண்டி ஒன்று வாங்கப்போகிறேன் என்று ஒருநாள் அலுவலகத்தில் அறிவித்தேன். பார்த்து வைத்தவை இரண்டு. இரண்டிலும் நான்கு சக்கரத்துக்கும் விசை உண்டு, இரண்டுக்கும் பெட்டி போன்ற உடம்பு, பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி. தூரத்தில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. அலுவலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இந்த வயதில் ஜீப் எதற்கு என்று கேட்ட என் அண்ணன் மூன்றாவது கட்சி.

அந்தோணி வைத்திருந்தது அந்த இரண்டில் பெரியது. அதனால் அதற்குத்தான் ஓட்டுப் போடுவார் என்று நினைத்தேன். அவரோ, வழியில் பங்ச்சர் ஆனால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். உங்களைத்தான் என்றேன்.

"அப்போ ரெண்டுமே வேணாம் அக்கா. ஆட்டோலயே போயிட்டு வாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் அவரோடு ஷோரூமுக்குப் போனேன். எல்லோரும் முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். அவர் ஜாக்கியையும் ஸ்பேனரையும் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்து, ஸ்டெப்னியை இறக்கச் சொன்னார். அதெல்லாம் நாங்களே செய்து தருவோம் மேடம் என்று விற்பனைப் பையன் கன்னடத்தில் பதறினான். காட்டுக்குள்ளும் கூட வருவாயா என்று அந்தோணி கன்னடத்திலேயே திருப்பிக் கேட்டதும் ஒதுங்கிக்கொண்டான். பெரிய வண்டியின் ஸ்டெப்னி கழன்றதும் என் மேலேயே சாய்ந்தது. பையன் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். அடுத்த ஷோரூமில், சின்ன வண்டியுடையதைப் புடவையெல்லாம் கறையாக, தனியாக இறக்கினேன். சின்னதையே வாங்கினேன்.

"என் வண்டி நல்ல வண்டிதான்க்கா. ஆனா அது எனக்கு நல்லது," என்றார் திரும்பும் வழியில்.

பிறகு ஒரு ஞாயிறு, அந்தோணி கூட்டிப்போன பயணத்தில், கனகபுரா தாண்டி ஒரு கரட்டில் கூர்க்கல் கிழித்து என் டயர் உட்கார்ந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. கூட வந்த வண்டிகளிலிருந்து உதவ ஓடி வந்த இருவரை அந்தோணி கையை நீட்டித் தடுத்துவிட்டு, பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். அவரை நான் மனசுக்குள் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. மாற்றி முடித்ததும் ஸ்பேனரை மாட்டி நட்டுகளை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். சபாஷ் என்றெல்லாம் சொல்லவில்லை, பாதி ஆரஞ்சைக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் பிறரிடம் வழி கேட்டிருக்கிறேன், அனுமதி கேட்டதில்லை.

அந்தோணியின் காரியங்கள் முடிந்தபின் காக்ஸ் டவுனில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அந்தோணியின் தம்பி ஜீப்பை வாங்க ஆள் பார்த்திருந்தார். விற்பதா வேண்டாமா என்று ஷீலா தவித்தாள். லைசென்ஸ் இருந்தும் அந்த வண்டியை அவள் ஓட்டியதே இல்லையாம்.

"அவரும் குடுக்கல, நானும் கேக்கல."

எனக்குச் சுருக்கென்றது. ஸ்பேனரை என் கையில் கொடுத்த மனுஷன் வீட்டில் சாவியைக் கொடுக்கவில்லை. அந்தோணி, இதை மட்டும் உங்களிடம் நேரில் கேட்டுச் சண்டை போட முடியாமல் போயிற்று.

விற்றுவிடு, என்னுடையதைப் போல ஒன்று வாங்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, சாவி எங்கே என்று மட்டும் கேட்டேன். ஷீலா ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். தெருமுனையில் வண்டி நின்றது. மறுபடி கிளப்பினாள், மறுபடி நின்றது. ஆட்டோக்காரர்கள் கத்தினார்கள். என் வலக்கை தானாக ஸ்டீயரிங் பக்கம் போனது. அதைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். ஷீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை சாவியைத் திருப்பினாள். வண்டி நகர்ந்தது. எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

"தெரியலக்கா. முதல்ல இந்த மார்க்கெட்டைத் தாண்டுவோம்."

உதவத் துடிக்கிற கையை அடக்கி வைப்பது. அந்தோணியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். அவர் வீட்டில் கொடுக்காமல் போனதை நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.