படத்தில் வராத வியாதி

ஸ்கேன் அறைக்குள் உலோகம் ஆகாது, தாலியைக் கழற்றுங்கள் என்றார்கள். என் மாமியார் விடுவாரா? கையோடு கொண்டுவந்திருந்த மஞ்சள் கயிற்றை என் கழுத்தில் கட்டிய பிறகுதான் செயினைக் கழற்ற விட்டார். மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே தெருவில் எல்லோரிடமும் "தலைவலி" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

தலைவலி இல்லை. யாரோ என்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பது எனக்குக் கேட்கும். போன கோடையில் அந்தக் குரல்கள் சொன்னபடி, நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தில் இறங்கி, பெண்கள் வாரிக் குவித்திருந்த உப்பையெல்லாம் காலால் கலைத்தேன். அவர்களைத் திட்டினேன், சொல்ல நாக்கூசுகிற வார்த்தைகளால். மாத்திரை ஆரம்பித்ததும் குரல்கள் அடங்கின. வெட்கம் அடங்கவில்லை.

அதனால்தான் அந்தக் குழாய்க்குள், மெஷின் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்க, மாதாவிடம் வேண்டினேன்: ஏதாவது தெரியட்டும், ஒரு புள்ளியாவது. பிள்ளை பெற்றவள் கேட்கிற வரமா இது? கேட்டேன். படத்தில் ஒன்று இருந்தால் அதைக் காட்டி, நான் இல்லை, இதுதான் என்று சொல்லிவிடலாமே.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "வியாதி இருக்குதும்மா. மூளைக்குள்ள ஒரு எடத்தையும் இன்னொரு எடத்தையும் இணைக்கிற வெள்ளை நரம்பு இழைகள்ல வித்தியாசம் இருக்கலாம். நெறைய பேரோட படத்த சேர்த்துப் பார்த்தாதான் அது தெரியும். ஒருத்தர் படத்த மட்டும் வச்சு சொல்ல முடியாது. மாத்திரைய நிறுத்திடாதீங்க."

என் கணவர் காதில் இதெல்லாம் ஏறவில்லை. நார்மல் என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கண் கலங்கி, வரும் வழியில் ஒரு பெட்டி ஜாங்கிரி வாங்கினார். அவருடைய சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலுக்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

மறுநாள் என்னை உப்பளத்துக்கே கூட்டிப்போய், அந்தப் பெண்களுக்குத் தன் கையாலேயே ஜாங்கிரி கொடுத்தார். "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லியாம்!"

எனக்கு நன்றாகப் பழக்கமான அக்கா ஒருவர் உப்பு வாருவதை நிறுத்தினார். குத்தலாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"ஒண்ணும் இல்லன்னா சந்தோஷம்தாம்மா. அப்போ அன்னைக்கு எங்கள ஏன் அப்படிப் பேசின?"

வியாதி என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் என் கணவர் காலிப் பெட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

"கோவம்க்கா" என்றேன்.